சர்ச்சுவில் ஓர் இரவு

மணாலியில் ஒரு வறுவல் பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மலைச்சாலை வழியாக லே நகருக்கு ஜீப்பில் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாராலாச்சா கணவாயை அடைவதற்குள் அந்தப் பொட்டலம் பந்துபோல் உப்பிவிடும். உள்ளே அடைபட்டிருப்பது மணாலிக் காற்று. வெளியிலோ அழுத்தம் குறைந்துவிட்டது. பொட்டலம் உப்புவதோடு சரி. உங்கள் உடலில் என்ன நடக்கும்?

உயரமான இடங்களில் பிராணவாயு குறைவு என்று படித்திருப்பீர்கள். காற்றில் அதன் பங்கு அங்கேயும் நூற்றுக்கு 21 தான். அழுத்தம் குறைந்து காற்று அடர்த்தி இழப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பதுதான் குறைகிறது. 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. வழியில் வரும் 5,328 மீட்டர் உயரத் தாங்லாங் கணவாயில் பாதியை ஒட்டியே இருக்கும்.

இதை ஈடுசெய்ய உடல் வேகமாக மூச்சு வாங்குகிறது. இங்கேதான் ஒரு சிக்கல். அப்படி மூச்சு விடும்போது கரியமில வாயுவும் மிகுதியாக வெளியேறி, இரத்தத்தில் காரத்தன்மை கூடிவிடுகிறது. உடனே மூளை மூச்சைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறது. ஒருபுறம் முடுக்கம், மறுபுறம் தடை! மலையில் உறங்குபவருக்கு மூச்சு சில விநாடிகள் நின்று, பிறகு திடுமெனப் பெருமூச்சாக வருவது இந்த இழுபறியால்தான். இதைத் தீர்த்துவைப்பவை சிறுநீரகங்கள். மிகையான காரப்பொருளை அவை சிறிது சிறிதாக வெளியேற்றுகின்றன. அதற்குச் சில நாட்கள் ஆகும். சிவப்பணுக்கள் பெருகவோ வாரக்கணக்கில் ஆகும்.

நடந்தே மலை ஏறுபவருக்கு இந்த அவகாசம் ஓரளவு தானாகவே கிடைக்கிறது. ஜீப்பில் போகிறவருக்குக் கிடைப்பதில்லை. மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். முன்பெல்லாம் 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாயில் ஏறி இறங்கவே வெகுநேரம் பிடிக்கும். 2020-இல் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை, பயணத்தில் 46 கிலோமீட்டரைக் குறைத்துவிட்டது. நல்ல வசதிதான், ஆனால் காலையில் மணாலியில் தேநீர் குடித்தவர் மாலையில் 4,290 மீட்டர் உயரத்திலுள்ள சர்ச்சுவில் கூடாரத்துக்குள் படுத்துவிடலாம். ஒரே நாளில் படுக்கை 2,200 மீட்டர் உயர்ந்துவிட்டது! 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பது மலை மருத்துவர்களின் கணக்கு. பகலில் கடந்துபோகும் கணவாயைவிட இரவில் தங்கும் இடமே முக்கியம்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். மேலும் ஏறாமல் ஓய்வெடுத்தால் பெரும்பாலோர்க்குச் சரியாகிவிடும். சிலருக்கோ நுரையீரலில் நீர் கசிந்து, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறும். அல்லது மூளை வீங்கும். இவை சில மணி நேரத்தில் உயிரையே பறிக்கக்கூடியவை. இளமையும் உடற்கட்டும் இதற்குக் காப்பு ஆகா. இமயமலைக்கு அனுப்பப்பட்ட 1,925 இந்தியப் படைவீரர்களிடம் கண்டறிந்தவற்றை மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1969-இல் வெளியிட்டனர்.

உறுதியான சிகிச்சை கீழே இறங்குவதுதான். பிராணவாயு உருளையும் மருந்தும் அதுவரை உயிரைத் தாங்கிப் பிடிக்க உதவும். இப்போது வரைபடத்தில் சர்ச்சுவைப் பாருங்கள். மணாலிப் பக்கம் பாராலாச்சா, சுமார் 4,890 மீட்டர். லே பக்கம் லாசுங் கணவாய், 5,000 மீட்டருக்கும் மேல். இறங்கியாக வேண்டிய நோயாளி, சாலையில் எந்தத் திசையில் போனாலும் முதலில் ஏறியே தீர வேண்டும்!

ஆகவே விவரம் அறிந்தவர்கள், சுமார் 3,100 மீட்டர் உயரமுள்ள கேலாங்கிலோ அதைச் சற்றுக் கடந்து ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்கிவிட்டு, சர்ச்சுவில் தங்காமலே போக முயல்வார்கள். ஸ்ரீநகர் வழியாகப் போனால், சுமார் 2,700 மீட்டர் உயரமுள்ள கார்கிலில் உறங்கலாம்.

அப்படியும் சர்ச்சுவில் தங்க நேர்ந்து, உடன் வந்தவர் குழறிப் பேசினால், அடிமேல் அடி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் விடியும்வரை காத்திராதீர்கள், ஓட்டுநரை எழுப்புங்கள்.