மஞ்சள் கடுதாசிக்குப் பின்

ஊரில் ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், கடன் கொடுத்தவர்கள் பணம் போயிற்று என்று தலையில் கை வைக்கிறார்கள். கொடுத்தவரோ கடன் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறார். இரண்டும் சரியன்று. நூல் விலை ஏறித் துணி தேங்கியோ, மழை பொய்த்து விளைச்சல் கெட்டோ கடனில் மூழ்கியவருக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதில் நுழைவதைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள்; வெளியேறுவது பற்றியே நாம் இங்கு மிகுதியாகக் கூற விரும்புகிறோம்.

சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமும், மற்ற இடங்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண இன்சால்வென்சிச் சட்டமும் உள்ளன. 2016இல் புதிய திவால் சட்டம் இயற்றப்பட்டாலும், தனிமனிதரைப் பற்றிய அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நெசவாளியும் விவசாயியும் தம் சொந்தக் கடனுக்குப் பழைய சட்டத்தையே நாட வேண்டும்.

கடன்களைத் தீர்க்க இயலாதவர், கடன் 500 ரூபாய்க்குக் குறையாதிருந்தால், கோர்ட்டில் மனுச் செய்யலாம். அவர் இன்சால்வெண்டு என்று தீர்ப்பானதும் அவருடைய சொத்து கோர்ட்டின் வசமோ ரிசீவரின் வசமோ சேர்கிறது. அதன்பின் கடன்காரர்கள் கோர்ட்டின் அனுமதியின்றித் தனித்தனியே வழக்குத் தொடர முடியாது. அடமானம் பெற்றவர் மட்டும் அடமானச் சொத்தின்மேல் தம் உரிமையைச் செலுத்தலாம். கைத்தொழிலாளியின் கருவிகள், உழவனின் ஏர் முதலியன, பிழைப்புக்குத் தேவையென்று கோர்ட்டு கருதும் மாடுகள், விதைத் தானியம், சமையல் பாத்திரம், உடுதுணி ஆகியவை ரிசீவர் கைக்குப் போவதில்லை. தறி தப்பும், விற்பனைக்கு அடுக்கியிருக்கும் சேலை தப்பாது.

மனுவுடன் கொடுக்கும் கடன் பட்டியலில் ஒருவரையும் விடலாகாது. கைமாற்றாகக் கொடுத்த அண்டை வீட்டுக்காரரும் கடன்காரரே. மைத்துனர் பணத்தை மட்டும் முதலில் தீர்த்துவிடுவோம் என்ற ஆசை இயல்பானதுதான். ஆயினும் மனுவுக்கு முந்தின 3 மாதத்திற்குள் ஒருவருக்குச் சலுகை காட்டிக் கொடுத்தது செல்லாமற் போகலாம். மனுவுக்கு முந்தின 2 ஆண்டுக்குள் விலை பெறாமல் மனைவி பேருக்கு எழுதிய வீட்டையும் கோர்ட்டு ரத்துச் செய்யக்கூடும்.

நாலு பேரை வைத்துப் பேசி முடிப்பது நம்மூர் வழக்கம். அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. கடனை நிரூபித்தவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையோரும், தொகையில் முக்கால் பங்கினரும் ஒப்பி, கோர்ட்டும் ஏற்றால், பட்டியலிலுள்ள மற்றவர்களையும் அந்த ராஜி கட்டுப்படுத்தும். எட்டுப் பேருக்கு 1,60,000 ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஐவராவது இசையவேண்டும், இசைந்தவர்களின் கடன் 1,20,000 ரூபாய்க்குக் குறையலாகாது.

ராஜி ஏற்படாவிடில், வெளியேறும் வாசல் கடன் விடுதலை உத்தரவுதான். அதற்கு எத்தனை காலத்திற்குள் மனுச் செய்யவேண்டும் என்று இன்சால்வெண்டுத் தீர்ப்பிலேயே குறித்திருக்கும். வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று அதைத் தவறவிட்டால் தீர்ப்பே ரத்தாகும். பழைய கடன்காரர்கள் பழையபடி வாசலில் நிற்பார்கள். தக்க காரணம் காட்டினால் தவணை நீட்டிக்கப்படலாம். முந்தின 3 ஆண்டுக்கு வியாபாரக் கணக்குப் புத்தகம் வைத்திருந்தாரா, திருப்பிச் செலுத்தும் நம்பிக்கையின்றிக் கடன் வாங்கினாரா என்று கோர்ட்டு பார்க்கும். சொத்து ரூபாய்க்கு எட்டணாவாவது தேறுகிறதா என்றும் பார்க்கும். சட்டத்தில் இன்னும் அணாதான். தம் குற்றமில்லாமல் அது குறைந்ததென்று காட்டினால் அக்குறை மன்னிக்கப்படும். சில சமயம் வருங்கால வருமானத்தில் ஒரு பகுதியைச் செலுத்துமாறு நிபந்தனை வைத்தும் விடுதலை தருவார்கள். விடுதலை பெறுமுன், தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் பெற்றாலும் 6 மாதம் வரை சிறை உண்டு. மளிகைக் கடைப் பற்றே அதைத் தாண்டும்!

விடுதலைக்குப் பின்னும் அரசாங்கப் பாக்கி, மோசடியால் வந்த கடன், கோர்ட்டு விதித்த ஜீவனாம்சம் ஆகியவை நிற்கும். நம் சங்கத்தாருக்கு இவற்றினும் முக்கியமானது ஜாமீன். கடன் வாங்கியவர் விடுதலை பெற்றாலும், அவருக்காகக் கையெழுத்திட்டவர் விடுபடுவதில்லை. பக்கத்துத் தறிக்காரர் என்ற முகத்தாட்சிண்யத்தால் ஜாமீன் நின்றவர், கூட்டாளி மனுச் செய்தது தெரிந்ததும் சும்மா இருக்கலாகாது. அவர் கடனை முழுதும் கட்டிவிட்டால், சங்கம் இருந்த இடத்தில் தாம் நின்று அத்தொகையைக் கோரலாம். அக்கோரிக்கையைப் பிரமாணப் பத்திரத்துடன், கூட்டாளிக்கு விடுதலை உத்தரவாகும் முன்பே கோர்ட்டில் கொடுத்துப் பட்டியலில் பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.