தேய்ந்த முதுகும் உயர்ந்த எண்ணும்

எங்கள் அய்யன் கோவையில் ஒரு நூற்பாலையில் முப்பது ஆண்டுகள் பஞ்சுப் பொதி தூக்கியவர். எழுபது வயதில் முதுகுவலிக்காகப் பரிசோதித்தபோது இடைத்தட்டுகள் தேய்ந்திருந்தன. ஆனால் முதுகெலும்பின் அடர்த்தி இயல்பு என்றது டெக்சா ஸ்கேன் அறிக்கையின் முதல் பக்கம். "வைரம் பாஞ்ச கட்டையாக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். அடுத்த ஆடியில் வாசற்படியில் வழுக்கித் தொடையெலும்பின் கழுத்து முறிந்தது. அப்போதுதான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினோம். இடுப்பு மூட்டின் டி-ஸ்கோர் -2.8. எலும்புப்புரைக்கான எல்லை -2.5. அறிவியல் ஆசிரியனான நானும் முதல் பக்கத்தோடு நிம்மதி அடைந்திருந்தேன்.

அந்த முதல் எண் எப்படி உயர்ந்தது? இடைத்தட்டு என்பது முள்ளெலும்புகளுக்கு இடையிலான மெத்தை. அது நீர் வற்றித் தாழும்போது சுமை எலும்பின் விளிம்புகளில் இறங்குகிறது. அங்கே முள் போன்ற புது எலும்பு வளர்கிறது. தட்டை ஒட்டிய எலும்புப் பரப்பும் கெட்டியாகிறது. பாரம் தூக்கி உழைத்து மூத்த ஆண்களிடம் இது மிகுதி. எக்ஸ் கதிரோ, முதுகெலும்பைக் கடக்கும் வழியிலுள்ள சுண்ணாம்புச் சத்து முழுவதையும் சேர்த்தே கணக்கிடுகிறது. முன்னால் ஓடும் பெருந்தமனியில் படிந்ததும் அதில் அடக்கம். உள்ளே தேன்கூடு போன்ற எலும்பு அரித்துப் போயிருந்தாலும் எண் உயர்ந்தே நிற்கும்.

கெட்டியாகத் தெரிவது உறுதியாக இருக்க வேண்டியதில்லை. தருமபுரிப் பக்கம் ஃப்ளூரைடு மிகுந்த நிலத்தடி நீரைப் பல்லாண்டு குடித்துப் பாதிக்கப்பட்டவர்களின் முதுகெலும்பு எக்ஸ்ரேயில் வெளேரென்று அடர்ந்து தெரியும். ஆனாலும் அது நொறுங்கக்கூடிய எலும்பு. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் அந்தப் பாதிப்பைக் குறைக்கவே வந்தது.

ஐம்பது கடந்த ஆணுக்கு முதுகுத் தேய்மானம் இருந்தால் இடுப்பு மூட்டின் எண்ணையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அடுத்தடுத்த முள்ளெலும்புகளின் டி-ஸ்கோர் 1-க்கு மேல் வேறுபட்டால், தேய்மானத்தால் உயர்ந்து நிற்பதை விட்டுவிட்டுக் கணக்கிடுவதும் உண்டு. நம் ஆசிரியர் அறைகளில் இடுப்பு பெல்ட்டோடு பாடம் நடத்தும் ஆண்கள் பலர், எலும்புப்புரை பெண்களுக்கு வருவது என்றே இருந்துவிடுகிறார்கள்.

இந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் அடர்த்திப் பாடத்தின்போது, பெயரை மறைத்து அந்த அறிக்கையைக் காட்டினேன். நிறையைப் பருமனால் வகுக்க வேண்டும் என்று அப்போதுதான் எழுதிப் போட்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், இதுல கீழே சதுர சென்டிமீட்டர் தானுங்களே இருக்குது, இது எப்படிங்க அடர்த்தி ஆகும்?"