தராசு சொல்லும் எடை லேப்டாப்புக்குக் கேட்கவில்லையா?



பில் பிரிண்டர், எலக்ட்ரானிக் தராசு, பார்கோடு ஸ்கேனர் என்று இன்று கல்லாப் பக்கம் உள்ள சாமான்கள் பெரும்பாலும் யு.எஸ்.பி. வயர் மூலமாகத்தான் லேப்டாப்பில் சேருகின்றன. புது லேப்டாப் வாங்கியதும் இவற்றில் ஏதாவது ஒன்று வேலை செய்ய மறுக்கிறது என்று அங்கத்தினர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் டிரைவர் என்றால் என்ன? லாரி வாசலில் நிற்கிறது, ஓட்டத் தெரிந்தவர் இல்லையென்றால் சரக்கு நகருமா? அதுபோல ஒவ்வொரு சாமானையும் ஓட்டத் தெரிந்த ஒரு சிறு புரோகிராம் லேப்டாப்புக்குள் இருக்க வேண்டும். அதுதான் டிரைவர். பார்கோடு ஸ்கேனர்கள் பெரும்பாலும் தம்மை ஒரு கீபோர்டு என்று அறிவித்துக்கொள்வதால், விண்டோஸில் ஏற்கெனவே உள்ள டிரைவரே போதும். தராசும் பில் பிரிண்டரும் அப்படியல்ல. இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் முன்னிலையிலேயே விண்டோஸ் 98-இல் ஒரு ஸ்கேனரைச் செருகிக் காட்டியபோது, திரை நீலமாகி நின்றுபோனது.

இனி என் கதை. எங்கள் பருப்பு மண்டியில் பழைய தராசு ஒன்று உண்டு. அதில் இருப்பது ஒன்பது ஊசி கொண்ட சீரியல் வாய். இப்போதைய லேப்டாப்புகளில் அந்த வாய் கிடையாது என்பதால் நடுவில் யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் கேபிள் போட்டிருந்தோம். பொங்கலுக்கு முந்திய வாரம் விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப்பில் அதைச் செருகினால், எடை பில்லுக்கு வரவே இல்லை. கூட்டம் நிற்கிறது. சரி, கையால் எடையை அடியுங்கள் என்றேன். குமாஸ்தா அவசரத்தில் 52.400 கிலோ துவரம்பருப்பை 25.400 என்று அடித்துவிட்டார். ராத்திரி இருப்புச் சரிபார்த்தபோதுதான் 27 கிலோ குறைவது தெரிந்தது. வாங்கியவர் வாடிக்கையாளர், மறுநாள் அவரே பணம் கொடுத்தனுப்பினார். எல்லோரும் அப்படி இருப்பார்களா?

கோளாறு எங்கே இருந்தது? ஸ்டார்ட் பொத்தான் மீது வலது கிளிக் செய்தால் டிவைஸ் மேனேஜர் என்று ஒரு வரி வரும். அதைத் திறந்தால் நம் சாமான்களின் ஜாபிதா முழுவதும் இருக்கும். எதன் மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதோ அதில்தான் வியாதி. எங்கள் கேபிளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இந்தச் சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது! வந்த மெக்கானிக் பழைய டிரைவர் ஒன்றைத் தேடிப் போட்டார், எடை வந்தது. சில வாரம் கழித்து விண்டோஸ் அப்டேட் ஆனதும் பழைய கதையே. பிறகு சில நூறு ரூபாய்க்குப் புதுச் சிப் உள்ள கேபிள் வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்கலாம்.

போலிச் சிப்பிலும் இதே தொல்லை உண்டு. 2014-இல் எஃப்.டி.டி.ஐ. என்ற சிப் கம்பெனி வெளியிட்ட டிரைவர், அவர்கள் பெயரில் வந்த போலிச் சிப்களின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிவிட்டது. உலகம் முழுக்கப் பல கேபிள்கள் ஒரே அப்டேட்டில் செத்துப்போயின. மலிவு கேபிள் வாங்குவோர் கவனிக்க.

மஞ்சள் முக்கோணத்தை இரண்டு முறை கிளிக் செய்தால் ஒரு கோடு எண் தெரியும். 28 என்றால் டிரைவரே ஏறவில்லை. 10 என்றால் சாமான் கிளம்ப மறுக்கிறது, பல சமயம் பொருந்தாத டிரைவர்தான் காரணம். 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. 43 என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். ஜாபிதாவில் பெயரே வரவில்லை என்றாலும் அப்படியே. போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் கரண்ட் போகும், தகவல் போகாது. வேறு கேபிள், வேறு வாய் என்று மாற்றிப் பாருங்கள். நடுவில் பல வாய்ப் பெட்டி இருந்தால் எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள்.

டிரைவரை மறுபடி ஏற்றுவதானால், பழையதை அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரையும் நீக்கு என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். பிறகு வயரை உருவி, லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பல பிரிண்டர்களுக்கு முதலில் டிரைவரை ஏற்றி, அது கேட்கும்போதுதான் வயரைச் செருக வேண்டும்.

தராசு டிரைவர் சரியாக ஏறியும் எடை வராவிட்டால், காம் எண் மாறியிருக்கும். பில் புரோகிராம் காம் 3-இல் காத்திருக்கும், கேபிள் காம் 5-இல் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக்கினால் போதும். பிரிண்டரையும் வேறு வாயில் மாற்றினால் விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று எண்ணி இரண்டாவது பிரதி உண்டாக்கிவிடும். பில் பழைய பெயருக்கே போய்த் தேங்கும். நாங்கள் எந்த வயர் எந்த வாயில் என்று லேபிள் ஒட்டிவிட்டோம்.

காலையில் நன்றாக அடித்த பிரிண்டர் மதியம் ஊமையாகிறதா? பேட்டரியை மிச்சப்படுத்த லேப்டாப் அந்த வாயைத் தூங்கவைத்திருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் யு.எஸ்.பி. ரூட் ஹப் என்ற வரியில் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள்.

டிரைவரை எங்கே எடுப்பது? சாமான் தயாரித்த கம்பெனியின் தளம், அல்லது விண்டோஸ் அப்டேட்டில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதி. தேடியதும் முதலில் வரும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். உதவுகிறோம் என்று போனில் பேசி, லேப்டாப்பைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி கேட்பவர்களுக்கு அறவே கொடுக்காதீர்கள். பேங்க் கணக்கும் அதில்தானே இருக்கிறது? ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

கம்பெனியாகப் பதிவு செய்துள்ள அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் கையெழுத்திடும் டோக்கனும் யு.எஸ்.பி. சாமான்தான், அதற்கும் தனி டிரைவர் உண்டு. மாதக் கணக்கு தருவோர் 20-ஆம் தேதி ராத்திரி புது லேப்டாப்பில் அதை முதல்முறை செருகிப் பார்க்க வேண்டாம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி. டோக்கனைப் பத்தாம் தேதியே ஒருமுறை செருகிப் பார்த்துவிடச் சொல்லி எங்கள் ஆடிட்டர் குமாஸ்தா இப்போது மாதாமாதம் போன் செய்கிறார்.