ரூம் காலி, ஃபிளைட் ராத்திரிதான்... வாடகை கார் டிக்கியில் லக்கேஜை வைத்துவிட்டு ஊர் சுற்றலாமா?

செமஸ்டர் முடிந்து ஹாஸ்டலைக் காலி செய்யும் நாட்களிலும், பட்டமளிப்பு விழா சமயத்திலும் காட்டாங்குளத்தூர், பொத்தேரி பக்கம் ஒரே மாதிரி காட்சியைப் பார்க்கலாம். வெளி மாநிலங்களிலிருந்து பெற்றோர் வந்திருப்பார்கள். ஹோட்டலில் காலை 11 மணிக்கு செக்-அவுட். ஃபிளைட்டோ இரவு 9 மணிக்கு மேல். 'இவ்ளோ தூரம் வந்துட்டு மகாபலிபுரம் பாக்காம போறதா?' என்று ஒரு குரல் கிளம்பும். உடனே ஆப்பில் ஒரு செல்ஃப் டிரைவ் காரை புக் செய்து, நாலு வருஷ ஹாஸ்டல் சாமான்களை டிக்கியில் அடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

மாமல்லபுரத்தில் காரை நிறுத்தி இறங்கும்போதுதான் கேள்வி வரும். இதையெல்லாம் காரிலேயே விட்டுட்டுப் போலாமா? 'பூட்டிட்டுத்தானே போறோம், என்ன ஆகிடப் போகுது' என்பார் அப்பா. பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகாது என்பதும் உண்மைதான். ஆனால் ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று தேடிப் பார்த்தால், கார் நிறுவனம், பார்க்கிங்காரர், இன்ஷூரன்ஸ் என ஒவ்வொருவராக விலகிக்கொள்வார்கள். கடைசியில் மிஞ்சுவது பெட்டிக்குச் சொந்தக்காரர் மட்டும்தான்.

சொந்த காருக்கும் வாடகை காருக்கும் என்ன வித்தியாசம்?

முதல் வித்தியாசம் நம்பர் பிளேட்டிலேயே இருக்கிறது. சொந்த காருக்கு வெள்ளை பிளேட். டிரைவரோடு வரும் டாக்ஸிக்கு மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. செல்ஃப் டிரைவ் வாடகைக்கென்று பதிவான காருக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து. சுற்றுலாத் தலத்தின் பார்க்கிங்கில் ஒரு கறுப்பு பிளேட் கார் நின்றால், நோட்டம் விடுபவருக்கு அது நிறைய சொல்லிவிடும். வந்திருப்பவர்கள் வெளியூர், உள்ளே பெட்டி இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டு மணி நேரத்துக்குத் திரும்ப மாட்டார்கள், புகார் கொடுத்தாலும் மறுபடி மறுபடி வந்து விசாரிக்க மாட்டார்கள்.

இது நம்ம ஊருக்கு மட்டுமான கவலை இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒரு காலத்தில் வாடகை கார்களின் நம்பர் தனி எழுத்தில் தொடங்கும். அதை வைத்தே சுற்றுலாப் பயணிகளை அடையாளம் கண்டு தாக்கும் சம்பவங்கள் 1990-களின் தொடக்கத்தில் பெரிய பிரச்சினையானபோது, அந்தத் தனி அடையாளத்தையே அரசு எடுத்துவிட்டது. இங்கே அது விதிப்படி இருக்க வேண்டிய ஒன்று என்பதால், பிளேட்டை மாற்ற முடியாது. உள்ளே என்ன தெரிகிறது என்பதை மட்டும்தான் மாற்ற முடியும்.

அடுத்தது சாவி. ஆப் மூலம் போனிலேயே திறக்கும் கார்கள் உண்டு. உரிமையாளரிடம் ஸ்பேர் சாவி இருக்கும். உங்களுக்கு முன்னால் அந்த காரை எத்தனை பேர் ஓட்டினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. இவர்கள் யாரும் திருடர்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் உங்கள் வீட்டு பீரோ சாவியைப் போல அந்தப் பூட்டு உங்கள் கட்டுப்பாட்டில் மட்டும் இல்லை.

மூன்றாவது, டிக்கி. குறைந்த வாடகையில் கிடைப்பவை பெரும்பாலும் ஹேட்ச்பேக். அதில் டிக்கி என்பது தனி அறை இல்லை. பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம், அவ்வளவுதான். மேலே மூடும் பார்சல் டிரே இருந்தால் பெட்டி வெளியே தெரியாது. பலர் கைமாறும் வாடகை கார்களில் முதலில் காணாமல் போவது அந்த டிரேதான் என்று சொன்னால் மிகையில்லை. காரை வாங்கும்போது ஸ்க்ராட்சை எல்லாம் வீடியோ எடுப்பவர்கள், டிரே இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. நாலு பேரின் பெட்டிகள் என்றால் கொஞ்சம் காசு கூடினாலும் செடான்தான் சரி.

'ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட் கார், கம்மி ரேட்' என்று வெள்ளை பிளேட் காரை வாடகைக்கு எடுப்பது தனிக் கதை. சொந்த உபயோகத்துக்கான இன்ஷூரன்ஸ் பாலிசியில், வாடகைக்கு விடும் பயன்பாடு சேராது. அங்கே லக்கேஜைவிடப் பெரிய சிக்கல்கள் காத்திருக்கும்.

பெட்டியும் போய், கண்ணாடிக்கும் காசு

வாடகை நிறுவனங்களின் விதிமுறைகளை யாரும் படிப்பதில்லை. படித்தால், காரில் வைக்கும் தனிப்பட்ட பொருட்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அதோடு, வாடகைக் காலத்தில் காருக்கு ஏற்படும் சேதத்தில் ஒரு பகுதி வாடிக்கையாளர் தலையில் என்ற வரியும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். கண்ணாடியை உடைத்து லேப்டாப்பை எடுத்துப் போனால், லேப்டாப் நஷ்டம் உங்களுடையது. உடைந்த கண்ணாடிக்கான தொகையும் உங்கள் டெபாசிட்டில் கழியலாம்.

சரி, காருக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கே? வழக்கமான மோட்டார் இன்ஷூரன்ஸ் காரையும் மூன்றாம் நபருக்கான பொறுப்பையும்தான் பார்க்கும். தனிப்பட்ட பொருட்களுக்கென்று கூடுதல் கவர் உண்டு. ஆனால் அதை எடுக்க வேண்டியவர் காரின் உரிமையாளர். பணம், நகை போன்றவை பொதுவாக அதிலும் வராது. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தவர்கள் 'கவனிப்பாரின்றி விட்டுச் சென்ற பொருட்கள்' என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். பல பாலிசிகளில் அங்கேதான் கதவு சாத்தப்படுகிறது.

பார்க்கிங் டோக்கனைக் காட்டிக் கேட்கலாமா? இதில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் 1998-ல் வேலே பார்க்கிங்குக்குக் கொடுத்த மாருதி ஜென் கார் திருடுபோன வழக்கு. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, 'உரிமையாளர் பொறுப்பில்' என்று டோக்கனில் அச்சடித்துவிட்டுத் தன் அலட்சியத்திலிருந்து ஹோட்டல் தப்பிக்க முடியாது என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஆனால் கவனியுங்கள்: அது சாவியை ஒப்படைத்த கார், தொலைந்ததும் கார். கடற்கரைக் கோயில் பக்கம் இடத்துக்கு மட்டும் பணம் கட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகிறவருக்கு, அதுவும் உள்ளே இருந்த பைக்காக, அந்தத் தீர்ப்பு அவ்வளவு எளிதில் கைகொடுக்காது.

'பாட்டி கார்லயே உக்காந்திருக்கட்டும்'

லக்கேஜுக்குக் காவலாக வீட்டில் ஒருவரை, பெரும்பாலும் நடக்க முடியாத பெரியவரையோ தூங்கும் குழந்தையையோ, காரிலேயே விட்டுச் செல்வதுதான் பலர் கண்டுபிடிக்கும் தீர்வு. இந்த விஷயத்தில் மிக ஆபத்தான முடிவு இதுதான்.

வெயிலில் மூடி நிற்கும் காரின் உட்புற வெப்பம் குறித்து அமெரிக்க மருத்துவர்கள் செய்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்ததும் பெரிதாக உதவவில்லை. வெளியே 35 டிகிரி இருக்கும் மே மாதப் பகலில் உள்ளே எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். 'பத்து நிமிஷத்துல வந்துடறோம்' என்று போனவர்கள் ஐந்து ரதத்தில் செல்ஃபி எடுத்து முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். காவல் வேண்டுமென்றால், நடக்கக்கூடிய ஒருவர் காருக்கு வெளியே நிழலில் இருந்து, முறை மாற்றிக்கொள்ளலாம்.

பொருட்களுக்கும் இதே வெப்பம்தான். ஐபோன், மேக்புக் போன்றவற்றை அதிகபட்சம் 45 டிகிரி வரை வைக்கலாம் என்கிறது ஆப்பிள். பயன்பாட்டில் உள்ள இன்சுலினைப் பொதுவாக 30 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்வார்கள். மாத்திரை, இன்சுலின், பவர் பேங்க், லேப்டாப் நான்கும் திருட்டு பயம் இல்லாவிட்டாலும் காரில் இருக்கக் கூடாதவை.

அப்போ எதைக் கையில் எடுத்துப் போவது?

துணிப் பெட்டி போனால் பணம்தான் நஷ்டம். ஹாஸ்டலைக் காலி செய்து வருபவரிடம் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கும்: ஒரிஜினல் சான்றிதழ்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிளஸ் டூ, டிசி, இப்போது டிகிரி என எல்லாம் ஒரே ஃபைலில். அது போனால் காவல் நிலையம், 'கண்டறிய முடியவில்லை' என்ற சான்று, பள்ளி, பல்கலைக்கழகம் என்று அலைச்சல் மாதக்கணக்கில் போகும். வேலையில் சேரும் நேரத்தில் இது யாருக்கும் வேண்டாம். டிஜிலாக்கரில் உள்ள ஆவணங்களுக்கு ஒரிஜினலுக்கு இணையான சட்ட மதிப்பு உண்டு என்றாலும், அதிலேயே எல்லாம் வந்துவிடுவதில்லை. சான்றிதழ் ஃபைல், பாஸ்போர்ட், லேப்டாப், நகை, மருந்து எல்லாம் தோளில் மாட்டும் ஒரே பையில் இருக்கட்டும்.

மீதியை டிக்கியில் வைப்பது என்று முடிவானால், காட்டாங்குளத்தூரில் கிளம்பும்போதே வைத்து மூடிவிடுங்கள். பார்க்கிங்கில் போய் டிக்கியைத் திறந்து பைகளை இடம் மாற்றினால், பார்க்க வேண்டியவர் பார்த்துவிடுவார். ரிமோட்டை அழுத்திய பிறகு கதவுக் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். 'சார், காசு கீழ விழுந்திருக்கு', 'டயர்ல காத்து இறங்குது' என்று யாராவது சொன்னால், இறங்கும் முன் எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கவனத்தைத் திருப்பித் திருடுபவர்களின் பழைய வித்தை அது.

டிரைவரோடு வரும் டாக்ஸி என்றால் ஆபத்து நிச்சயம் குறைவு. ஆனால் அவரும் டீ குடிக்கப் போவார், சாப்பிடப் போவார். 'அண்ணா, பெட்டியெல்லாம் உள்ள இருக்கு, நாங்க வர்ற வரைக்கும் வண்டிகிட்டயே இருக்க முடியுமா? நீங்க முதல்ல சாப்ட்டு வந்துடுங்க' என்று முன்கூட்டியே சொல்லி, சாப்பாட்டுக் காசையும் கொடுத்துவிடுவதுதான் மரியாதை.

ஒரு சுலபமான வழி, வரைபடத்திலேயே இருக்கிறது

காட்டாங்குளத்தூரிலிருந்து மாமல்லபுரத்துக்கு இரண்டு வழி. ஒன்று, வண்டலூர் போய் கேளம்பாக்கம், கோவளம் வழியாக. இன்னொன்று, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக. போகும்போது எதில் வேண்டுமானாலும் போங்கள். திரும்பும்போது திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக ஜிஎஸ்டி சாலையைப் பிடித்தால், மீனம்பாக்கம் போகும் வழியில் காட்டாங்குளத்தூர் தானாகவே வரும். அதாவது பெட்டிகளைத் தங்கிய ஹோட்டல் ரிசப்ஷனிலேயே விட்டுவிட்டு, காலி காரில் ஊர் சுற்றி, போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். செக்-அவுட்டுக்குப் பிறகும் சில மணி நேரம் பெட்டிகளை வைத்துக்கொள்ளப் பெரும்பாலான ஹோட்டல்கள் சம்மதிக்கும். பெட்டி எண்ணிக்கை எழுதிய சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே எச்சரிக்கை, ஞாயிற்றுக்கிழமை மாலை. பரனூர் டோல்கேட்டிலிருந்து சென்னை நோக்கி ஊர்ந்து வரும் வாகனங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அன்று ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிட வேண்டும்.

ரயிலில் ஊர் திரும்புபவர்களுக்கு எழும்பூர், சென்ட்ரல் நிலையங்களின் க்ளோக் ரூம் இருக்கிறது. பயண டிக்கெட் வேண்டும், பெட்டி பூட்டியிருக்க வேண்டும். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள்.

போயிடுச்சு... இப்போ என்ன செய்வது?

காரை நகர்த்தும் முன் உடைந்த கண்ணாடி, உட்புறம், நிறுத்திய இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். வாடகை நிறுவனத்துக்கு அங்கிருந்தே தகவல் சொல்லுங்கள். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னால், கண்ணாடி எப்படி உடைந்தது என்ற விவாதத்திலேயே நேரம் போய்விடும்.

பிறகு போலீஸ். பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் வாகனத்திலிருந்து பொருளைத் திருடுவது, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவில் வருகிறது. ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை. இங்கே ஒரு தவறு நடக்கும். 'தொலைஞ்சு போச்சுன்னு ஆன்லைன்ல போட்டுடுங்க, ஈஸி' என்று யாராவது சொல்வார்கள். காவல்துறை இணையதளத்தில் கிடைக்கும் தொலைந்த ஆவணச் சான்று, தவறவிட்ட பொருளுக்கானது. திருட்டுக்கு எஃப்ஐஆர்தான் வேண்டும். இன்ஷூரன்ஸ் கேட்பதும் அதைத்தான்.

திருட்டு நடந்தது மாமல்லபுரத்தில், தெரியவந்தது மீனம்பாக்கத்தில் என்றால்? 'அந்த ஸ்டேஷன்ல போய்க் குடுங்க' என்று திருப்பி அனுப்பக் கூடாது. எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பெற வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. ஜீரோ எஃப்ஐஆர் என்பது இதுதான். மின்னணு முறையிலும் புகார் அனுப்பலாம். ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். ஃபிளைட்டை விட முடியாதவர்கள் சொந்த ஊரில் இறங்கியதும் அங்குள்ள ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். பையில் இருந்தவை, அவற்றின் மதிப்பு, லேப்டாப்பின் சீரியல் எண் எல்லாம் புகாரில் இருக்கட்டும். எஃப்ஐஆர் நகலுக்குக் கட்டணம் கிடையாது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.