திருப்தியா என்று கேட்கிறார்கள்

தோட்டப் பாட்டாளிகளே,

"வேலையில் திருப்தியா?" என்று பாரத்தில் கேட்டு, கட்டத்தில் சரி போடச் சொல்கிறார்கள். புக்கிட் பெலிம்பிங் வட்டாரத்தில் நாம் விசாரித்தபோது வந்த பதில் இதுதான்: "கிராணி பக்கத்துல நிக்கிறாரு, என்னாத்தப் போடுறது? எல்லாம் நல்லாருக்குன்னு போட்டுட்டு வந்துட்டோம்." இப்படி வாங்கிய பதிலை வைத்து, ஆட்களுக்குக் குறையே இல்லை என்று ஆபீசில் எழுதிக்கொண்டால் யாருக்கு லாபம்?

அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹாதோர்ன் தொழிற்சாலையில், 1928 முதல் 1930 வரை சுமார் 21,000 தொழிலாளரிடம் இப்படிக் கேட்டுப் பார்த்தார்கள். முதலில் எழுதி வைத்த கேள்விகள். ஆட்களோ கேட்டதை விட்டு வேறு எதையோ பேசினார்கள். பிறகு கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, மனம்போல் பேசவிட்டார்கள். அரை மணிப் பேச்சு ஒன்றரை மணியானது. முதலாளி தர்மத்துக்குச் செய்யவில்லை. வேலை கூடுமா என்றுதான் பார்த்தார். ஆனாலும் கேட்கும் முறை தெரிந்தது.

நம் சிலாங்கூரில் பாரம் இல்லாமலேயே மனக்குறை பட்டியலாக வந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் தலைவர்களில் ஒருவர். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கேட்டார்கள், சரி. அதோடு என்ன கேட்டார்கள் தெரியுமா? துரை எதிரே வந்தாலும் சைக்கிளில் போக அனுமதி! பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், கொடுமைக்காரக் கிராணிகளை மாற்ற வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், சொந்தபந்தம் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது, குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது.

எந்தப் பாரத்தில் சைக்கிளுக்குக் கட்டம் போட்டிருப்பார்கள்? சைக்கிளை விட்டு இறங்கி நின்றவனுக்குத்தானே அந்த வலி தெரியும்!

மே மாதம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். 16-ஆம் தேதி அவசரகாலம். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். குறையைக் கேட்காமல் விட்டதற்கு அவ்வளவு விலை.

ஆகவே பாரம் வந்தால் வேண்டாம் என்று தள்ளாதீர்கள். பெயர் எழுதச் சொல்லக் கூடாது, கிராணியோ தண்டலோ பக்கத்தில் நிற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்ப விட வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளருக்கு அவரவர் மொழியில் கொடுக்க வேண்டும். முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். கட்டத்தில் அடங்காத குறை இருந்தால் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். எழுத வராதவர்கள் நம் கிளைத் தலைவரிடம் சொன்னால் அவர் எழுதித் தருவார்.