13 மேட்ச், 13 வெற்றி, 5-ஆவது இடம்

இன்னைக்கு ஒரு காலேஜ் டீமோட ஒரே ஒரு சீசனைப் பத்திப் பேசப் போறேன். ஆடின 13 மேட்சும் ஜெயிச்சாங்க. லீக் கோப்பையையும் தூக்கினாங்க. மறுநாள் மதியம், "நீங்க ப்ளேஆஃப்ல இல்லை"ன்னு ஒரு கமிட்டி சொல்லிடுச்சு.

இந்தக் கதை எனக்கு எப்படித் தெரிய வந்துச்சுன்னா, எங்க ப்ராஜெக்ட்ல புளோரிடாவில் இருந்து வேலை பார்க்கிற ஒருத்தர் இருந்தார். 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை, எங்களுக்குச் சாயந்திரம், ஸ்டாண்ட்-அப் கால். எப்பவும் முதல் ஆளா ஜோக் அடிக்கிற மனுஷன் அன்னைக்குக் கேமராவைக்கூட ஆன் பண்ணலை. வீட்டில் ஏதோ துக்கம்னு நினைச்சு எல்லாரும் அமைதியா இருந்தோம். கடைசியில் பார்த்தா, அவர் படிச்ச புளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டி டீமை முதல் நாள் வெளியே நிறுத்திட்டாங்க. ஒரு காலேஜ் மேட்சுக்கா இவ்வளவுன்னு எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்ச பிறகு சிரிப்பு போயிடுச்சு.

முதல்ல ஆட்டம். அமெரிக்கன் ஃபுட்பால்னா முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், தோள் கவசம். அதில் குவார்ட்டர்பேக்னு ஒருத்தர். கிட்டத்தட்ட ஒவ்வொரு தாக்குதலும் அவர் கையில் பந்து வந்துதான் ஆரம்பிக்கும். தூரமா எறியணுமா, பக்கத்தில் இருக்கிறவனிடம் கொடுக்கணுமா, தானே ஓடணுமா என்று ரெண்டு மூணு செகண்டில் அவர் முடிவு பண்ணணும். இந்தக் கதைக்கு இவ்வளவு ரூல்ஸ் போதும்.

சிக்கல் ஆட்டத்தில் இல்லை, அட்டவணையில்தான் இருக்கு. 2023-இல் காலேஜ் ஃபுட்பாலின் மேல் பிரிவில் 133 டீம்கள். ஒரு டீம் ரெகுலர் சீசனில் ஆடுவது 12 மேட்ச். பெரும்பாலும் தன் லீக்குக்குள்ளேதான் ஆடும்; அந்த லீக்கை அங்கே கான்ஃபரன்ஸ் என்பார்கள். ஐபிஎல் மாதிரி ஒரே பாயின்ட்ஸ் டேபிள், சமமா இருந்தா நெட் ரன் ரேட் என்பதெல்லாம் இங்கே வேலைக்கு ஆகாது. 12-0 என்பது யாரோடு ஆடின 12-0 என்ற கேள்வி எப்பவும் மிச்சம் இருக்கும்.

இதுக்குப் பல வழி பார்த்தாங்க. ரொம்பக் காலம் பத்திரிகையாளர்களும் கோச்சுகளும் ஓட்டுப் போட்டுச் சாம்பியனைச் சொன்னாங்க. 1998 முதல் 2013 சீசன் வரை பிசிஎஸ் என்ற முறை. அதில் ஓட்டுகளோடு கம்ப்யூட்டர் தரவரிசையையும் கலந்தார்கள். 2004-க்குப் பிறகு கம்ப்யூட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு. என் துறைக்காரங்க கை வெச்ச இடம், அதனால் எல்லாரும் திட்டினாங்க. 2014-இல் அதைத் தூக்கிப் போட்டுட்டு 13 பேர் கொண்ட கமிட்டியை வெச்சாங்க. விளையாட்டுத் துறை இயக்குநர்கள், முன்னாள் கோச்சுகள், முன்னாள் வீரர்கள் மாதிரி ஆட்கள். அவங்க நாலு டீமைத் தேர்ந்தெடுப்பாங்க. அந்த நாலுக்குள் அரையிறுதி, அப்புறம் ஃபைனல்.

இனி புளோரிடா ஸ்டேட். ஊர் டாலஹாசி. ஒரு காலத்தில் பெரிய டீம். மைக் நார்வெல் கோச்சா வந்தப்போ தரையில் கிடந்தது. 2020-இல் 3 வெற்றி, 6 தோல்வி. 2021-இல் கீழ்ப் பிரிவில் இருந்த ஜாக்சன்வில் ஸ்டேட் டீமிடம் சொந்த ஊர் மைதானத்தில், கடைசிப் பந்தில் தோற்றார்கள். அந்தக் கேவலமான வருஷங்கள் முழுக்க அங்கேயே கிடந்தவர் ஜோர்டன் டிராவிஸ். 2019-இல் லூயிவில் யுனிவர்சிட்டியில் இருந்து மாறி வந்த குவார்ட்டர்பேக்.

2022-இல் 10 வெற்றி. 2023-இல் முதல் மேட்சிலேயே எல்எஸ்யூவை 45-24. கிளெம்சனை அவங்க ஊரிலேயே, எக்ஸ்ட்ரா டைமில் 31-24. இப்படியே பத்தும் ஜெயிச்சு நவம்பர் 18 வந்தாங்க.

அன்னைக்கு எதிரணி நார்த் அலபாமா. சின்ன டீம். முதல் குவார்ட்டரில் டிராவிஸ் பந்தோடு ஓடி விழுந்தப்போ இடது கால் உடைஞ்சது. வண்டியில் வெச்சு வெளியே கொண்டுபோனாங்க. அந்த அதிர்ச்சியில் 0-13 என்று பின்தங்கின டீம், கடைசியில் 58-13 என்று ஜெயிச்சது. அடுத்த வாரம் ஜென்மப் பகையாளி புளோரிடாவை ரெண்டாவது குவார்ட்டர்பேக் டேட் ரோட்மேக்கரை வெச்சு 24-15. அந்த மேட்சில் அவருக்குத் தலையில் அடி. டிசம்பர் 2, லீக் ஃபைனல், எதிரே லூயிவில். ஆடினது மூணாவது ஆள், முதல் வருஷப் பையன் பிராக் க்ளென். மேட்ச் முழுக்க அவர் எறிந்து எடுத்தது வெறும் 55 யார்டு. டிஃபென்ஸ் மட்டுமே தோளில் தூக்கி 16-6 என்று ஜெயிச்சுக் கொடுத்தது. பார்க்க அழகான மேட்ச் இல்லை. எனக்கு அந்த சீசனிலேயே பிடிச்ச மேட்ச் அதுதான்.

அந்த ஃபைனலுக்கு முன்னாடி கமிட்டியின் பட்டியலில் புளோரிடா ஸ்டேட் 4-ஆவது, அலபாமா 8-ஆவது. அதே சனிக்கிழமை, தொடர்ந்து 29 மேட்ச் ஜெயிச்சிருந்த ஜார்ஜியாவை அலபாமா 27-24 என்று வீழ்த்தியது. இப்போ கமிட்டிக்குத் தலைவலி. மிச்சிகனும் வாஷிங்டனும் 13-0, அதில் பேச்சே இல்லை. மீதி இடம் ரெண்டு. அலபாமாவை எடுத்தா, செப்டம்பரில் அதே அலபாமாவை அதன் ஊரிலேயே 34-24 என்று அடிச்ச டெக்சஸை எப்படி விடுவது? ரெண்டுக்கும் தலா ஒரு தோல்வி. தோல்வியே இல்லாதது மூணாவது டீம்.

டிசம்பர் 3, ஞாயிறு: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. புளோரிடா ஸ்டேட் 5-ஆவது. பெரிய அஞ்சு லீக்கில் ஒன்றின் சாம்பியன், ஒரு தோல்வியும் இல்லாமல், இந்த நாலு டீம் முறையில் வெளியே நின்றது அதுவே முதல் தடவை. டிராவிஸ் இல்லாத டீம் வேற டீம் என்பது கமிட்டித் தலைவர் பூ காரிகன் சொன்ன காரணம்.

கமிட்டி பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன். இந்தக் காரணத்தை அன்னைக்கு ராத்திரி கண்டுபிடிக்கலை. முக்கிய வீரர் இல்லாதது இதுவரை ஆடினதைப் பாதிச்சிருக்கலாம், இனிமேல் ஆடப்போறதையும் பாதிக்கலாம், ரெண்டையும் பார்க்கலாம்னு அவங்க எழுத்துபூர்வமான விதிமுறையிலேயே இருந்தது. அந்த 55 யார்டும் பொய் இல்லை.

எனக்கு உறுத்துறது வேற. தரவரிசை என்பது என்ன? நடந்ததோட பதிவா, நடக்கப்போறதோட கணிப்பா? எங்க வேலையில் இது ரெண்டையும் ஒரே டேபிளில் கலந்தா ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க. பழைய கம்ப்யூட்டர் ஃபார்முலாவை எல்லாரும் முட்டாள்னு சொன்னாங்க. ஆனா யாரோட காலில் கட்டு இருக்குன்னு அதுக்குத் தெரியாது, யார் யாரை ஜெயிச்சாங்கன்னு மட்டும்தான் தெரியும். மனுஷங்களுக்கு எல்லாம் தெரியும், அதான் பிரச்சனை. என் முதல் ஆபீஸில் வருஷம் பூரா டார்கெட்டை முடிச்ச ஒரு அக்காவுக்கு, அடுத்த வருஷம் அவங்க ப்ராஜெக்ட் இருக்குமான்னு தெரியலைன்னு சொல்லி ரேட்டிங்கைக் குறைச்சாங்க. அவங்க முகம்தான் ஞாபகம் வருது.

கணிப்புன்னே வெச்சுக்குவோம். அதே கமிட்டி முறையின் முதல் வருஷம், 2014. ஒஹையோ ஸ்டேட் டீமின் முதல் குவார்ட்டர்பேக் சீசனுக்கு முன்னாலேயே அவுட். ரெண்டாவது ஆளுக்கு ரெகுலர் சீசனின் கடைசி மேட்சில் கணுக்கால் உடைஞ்சது. மூணாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ் லீக் ஃபைனலில் விஸ்கான்சினை 59-0 என்று நொறுக்க, 4-ஆவது டீமா உள்ளே விட்டாங்க. அரையிறுதியில் அலபாமாவை 42-35, ஃபைனலில் ஓரிகானை 42-20. சாம்பியன். க்ளென் 59 பாயின்ட் அடிக்கலை, ஒத்துக்கறேன். ஆனா மூணாவது ஆளை வெச்சு ஜெயிக்க முடியாதுன்னு யாரும் எழுதி வைக்கலை.

கமிட்டியை ஆதரிக்கிறவங்க கடைசியா ஒரு சீட்டு வெச்சிருப்பாங்க: ஆரஞ்சு பவுல். டிசம்பர் 30, ஜார்ஜியாவிடம் புளோரிடா ஸ்டேட் 3-63 என்று தோற்றது. "பார்த்தியா, நாங்க சொன்னோம்ல?" என் கலீக் இந்த ஸ்கோரைச் சொன்னாலே காலை கட் பண்ணிடுவார். அந்த மேட்சில் ஆடினது அந்த டீமே இல்லை. கோப்பைக்கு வழி மூடினதும், புரொஃபஷனல் லீக்குக்குப் போக வேண்டியவங்க உடம்பைக் காப்பாத்திக்க விலகினாங்க. சிலர் வேற காலேஜுக்கு மாறக் கிளம்பினாங்க. இருபதுக்கும் மேற்பட்டவங்க இல்லை. உள்ளே விட்டிருந்தா அவங்க ஆடியிருப்பாங்க. முடிவே டேட்டாவை மாத்திடுச்சு. அதே டேட்டாவை வெச்சு முடிவு சரிதான்னு எப்படிச் சொல்ல? அலபாமாவும் ரோஸ் பவுலில் மிச்சிகனிடம் எக்ஸ்ட்ரா டைமில் 20-27 என்று தோத்துப் போச்சு. அதை வெச்சும் நான் எதையும் நிரூபிக்க முடியாது.

அறிவிப்பு வந்த மூணு வாரத்துக்குள்ளேயே புளோரிடா ஸ்டேட் தன் சொந்த லீக் மேலேயே கேஸ் போட்டது. டிவி பணப் பங்கில் பழைய புகைச்சல், இது பத்த வெச்சது. 2025 மார்ச்சில் சமாதானம் ஆச்சு. 2024 முதல் ப்ளேஆஃப் 12 டீம். இந்தச் சண்டைக்கு முன்னாலேயே எடுத்த முடிவு அது. முதல் சீசனில், தரவரிசையில் மேலே இருக்கிற அஞ்சு லீக் சாம்பியன்களுக்குக் கட்டாயம் இடம். ஒரு வருஷம் தள்ளிப் பிறந்திருந்தா இந்தக் கதையே இல்லை. அந்த 2024-இல் புளோரிடா ஸ்டேட் 2 வெற்றி, 10 தோல்வி. கலீக் அந்த வருஷம் ஃபுட்பால் பேசவே இல்லை.

டிராவிஸ், பட்டியல் வந்த அன்னைக்கே ஆன்லைனில் எழுதினார்: என் கால் இன்னும் முன்னாடியே உடைஞ்சிருக்கலாம், இந்த டீம் குவார்ட்டர்பேக்கை நம்பி மட்டும் இல்லைன்னு நீங்க பார்த்திருப்பீங்கன்னு. 2024-இல் நியூயார்க் ஜெட்ஸ் அஞ்சாவது சுற்றில் அவரை எடுத்தது. கால் முழுசா ஆறவே இல்லை. 2025 ஏப்ரலில், ஒரு என்எஃப்எல் மேட்ச்கூட ஆடாமல், ரிட்டயர் ஆனார்.