மீன் தொட்டியும் ஐந்நூறாவது யூனிட்டும்

கோவை பீளமேட்டில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருப்பவனிடம் போர்வெல் மோட்டாரைப் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது வருகிறவர்களில் சிலர் வேறொன்றும் கேட்கிறார்கள்: "ஏனுங்ணா, மீன் தொட்டி வெச்சா கரண்ட் பில்லு எவ்வளவுங்க ஏறும்?"

"உங்க ஊட்டு மீட்டர் ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட்டுங்க ஓடுது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

முதலில் தொட்டியைப் பார்ப்போம். ஒரு வாட் இழுக்கும் சாதனம் இரவு பகலாக ஓடினால் 60 நாளில் 1.44 யூனிட் ஆகும். மூன்றடித் தொட்டிக்கு 15 வாட் பவர் ஃபில்டர் என்றால் ஏறக்குறைய 22 யூனிட். 4 வாட் ஏர் பம்ப் 6 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். 18 வாட் எல்.இ.டி. விளக்கை தினம் 8 மணி நேரம் எரித்தால் 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 36 யூனிட்.

இந்த 36 யூனிட்டுக்கு எல்லா வீட்டிலும் ஒரே விலை கிடையாது. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.80, அதற்கு மேல் 6.45. ஏற்கெனவே 140 யூனிட் ஓடும் வீட்டில் தொட்டி வைத்தால் கூடுதல் செலவு 85 ரூபாய்தான். 240 ஓடும் வீட்டில் 173 ரூபாய்.

480 ஓடும் வீட்டில்தான் சிக்கல். தொட்டி வந்ததும் கணக்கு 516-க்குப் போகிறது. 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரை இருந்த அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.80 போடுவார்கள். 500-க்கு மேல் போன 16 யூனிட்டுக்கு 8.55. ஆக, 1,711 ரூபாய் வந்துகொண்டிருந்த பில் 2,222 ரூபாய் ஆகிவிடும். அதே தொட்டி, அதே மீன், 511 ரூபாய்! ஏ.சி. ஓடும் சித்திரை, வைகாசியில் எத்தனையோ வீடுகள் இந்த எல்லையில்தான் நிற்கின்றன. கரண்ட் அட்டையை எடுத்து முந்தைய கணக்கைப் பார்த்துவிட்டு மீன் கடைக்குப் போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃபில்டரை நிறுத்துகிறார்களே, அதை மட்டும் செய்யவே கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை முறித்து நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அந்த ஃபில்டர் பஞ்சில்தான் குடியிருக்கிறது. தண்ணீர் ஓட்டம் நின்றால் அதற்குப் பிராணவாயு இல்லாமல் போய்விடும். விளக்கைக் குறையுங்கள், மீனுக்கு ஒன்றும் ஆகாது. பாசி பிடிப்பதும் குறையும்.

கப்பி, மோலி மாதிரி சின்ன மீன்கள் சிலதுதான் என்றால் பவர் ஃபில்டரே வேண்டாம். ஏர் பம்பின் குழாயை ஸ்பாஞ்ச் ஃபில்டரில் செருகினால், மேலே ஏறும் காற்றுக் குமிழி தண்ணீரையும் பஞ்சு வழியே இழுத்துக்கொண்டு போகும். 22 யூனிட் அப்படியே மிச்சம். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியே திரும்பி பம்புக்குள் இறங்காது.

சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு: அதில் உப்பு குறைவு. போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் கொண்டுவரும் ஃபில்டர் பம்பைப் பிரித்தால், காந்தத்தோடு சேர்ந்த அந்தச் சின்ன இம்பெல்லரில் உப்பு வெள்ளையாகப் படிந்து, கையால் சுற்றினாலே நரநரவென்று உரசும். கரண்ட் பெரிதாகக் குறையாது. தண்ணீர் மட்டும் குறைவாகத் தள்ளும். கொஞ்ச நேரம் வினிகரில் ஊறப்போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

பில்லை உண்மையில் ஏற்றுவது ஹீட்டர். 100 வாட் ஹீட்டர் தினம் 10 மணி நேரம் எரிந்தால் 60 யூனிட். மற்ற எல்லாம் சேர்ந்ததைவிட அதிகம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் நம்ம ஊரில் தங்கமீனுக்கு மார்கழியிலும் ஹீட்டர் தேவையில்லை. 28 முதல் 30 டிகிரி கேட்கும் டிஸ்கஸ் வளர்க்கிறவர்கள் தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட வேண்டும். திறந்த தண்ணீர் ஆவியாகும்போதுதான் சூடு பெரும்பாலும் வெளியேறுகிறது.

கடல் மீனும் பவளமும் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான கணக்கு. அங்கே கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கச் சில்லர் வேண்டும். 250 வாட் சில்லர் பாதி நாள் ஓடினாலே இரண்டு மாதத்தில் 180 யூனிட். வீட்டுக் கணக்கு ஏற்கெனவே 500-ல் இருந்தால், சலுகை போவதையும் சேர்த்து 1,800 ரூபாய்க்கு மேல் கூடும். அவ்வளவும் கட்டத் தயார் என்றால் வையுங்கள். பாதியில் சில்லரை நிறுத்தினால் சாவது பவளம்தான்.